தேத்தண்ணி ஆறிய படம்

கதிரவெளி
02.02.2025

அன்பின் ஜெனிற்றாவுக்கு,

உன் உடம்புக்கும் உன் தையலுக்கும் குறையொன்றும் இருக்காது என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் பீற்றர் அண்ணனுக்கும் சளியைத் தவிர வேறு கரைச்சல் இல்லை. மாரிக் கடல் இன்னும் அடங்கவில்லை. வள்ளங்கள் போவது குறைவு, அதனால் ஐஸ் வாங்க ஆளில்லை, அதனால் பக்டரியில் எனக்கு வேலை குறைவு, அதனால் பேய்ப்படம் தேட நேரம் நிறைய.

இத்தோடு பென் டிரைவ் ஒன்று வருகிறது. மட்டக்களப்புக்கு ஓடுகிற அம்ஜத்தின் பஸ்ஸில்தான் கொடுத்துவிடுகிறேன். அதே பையில் கருவாடும் இருக்கிறது. மணத்துக்கு என்னை ஏசாதே.

படம் கறுப்பு வெள்ளை. எந்த நாட்டுப் படம் என்றே சரியாகத் தெரியவில்லை, பனி கொட்டுகிற ஏதோ ஓர் ஊர். யாரோ ஒரு புண்ணியவான் பழைய சுருளிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறான். பேச்சுக்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் இருக்கிறது. செத்துப்போன ஒரு தையல்காரியின் வீட்டுக்கு ஒரு ரீச்சர் வாடகைக்கு வருகிறாள். மேல்மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. இதற்கு மேல் சொல்லமாட்டேன். பேய் முகம் காட்டாது, இரத்தம் ஒரு சொட்டும் கிடையாது, நம் இருவருக்கும் பிடித்த மாதிரி. ரீச்சர் லாம்போடு அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து நிற்கிற கட்டம் ஒன்று வரும். இந்தப் படத்தை ஏன் உனக்கென்று தேடி எடுத்தேன் என்று அங்கே விளங்கும். அந்த இடத்தில் நான் எழும்பி யன்னலடிக்குப் போய்விட்டேன். தலை நரைத்த ஆம்பிளை.

நம் முறைப்படியே பார். சனிக்கிழமை பகல், யன்னலுக்கு நான் உடுத்துப் பழசான சாரத்தைக் கட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணியோடு. சண்டைக் காலத்தில் பகலில்தான் அடுத்த வளவு ஜெனரேட்டர் நமக்கு ஓடும் என்று பிடித்த பழக்கம். இன்னமும் எனக்கு இரவில் பேய்ப்படம் பார்த்தால் நித்திரைதான் வருகிறது. படம் முடியும்போது தேத்தண்ணி குடிக்க மறந்து ஆறிக் கிடந்தால் நல்ல படம். குடித்து முடித்திருந்தால் குப்பை. உன் தீர்ப்பை எழுது.

போன் எடுக்க வேண்டாம், சொல்ல வேண்டியதை எழுதுங்கள் என்று நீ அறிவித்ததை மறக்கவில்லை. எடுக்கமாட்டேன். வீட்டை விட்டு வந்தவன் நான், ஏச உனக்கு உரிமை இருக்கிறது. அந்த ஏச்சை உன் குரலில் கேட்டால் நல்லாயிருக்கும் என்று மட்டும் சில நேரம் நினைப்பேன்.

ஆண்டவர் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.
மேர்வின்


தாண்டவன்வெளி, மட்டக்களப்பு
16.02.2025

அன்பின் மேர்வினுக்கு,

மாதாவின் தயவில் நடமாடுகிறேன். கருவாடு வந்தது, கடிதமும் அதே மணத்தோடு வந்தது. பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னகா, இவர் மீனுக்க வச்செல்லோ காதல் கடிதம் அனுப்புறார்" என்று சிரிக்கிறாள். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

கோயிலில் புது நன்மை எடுக்கப்போகிற பிள்ளைகளின் சட்டைகள் குவிந்து கிடக்கின்றன. எல்லாத் தாய்மாருக்கும் தன் பிள்ளை சட்டையில்தான் கூடுதல் லேஸ் வேண்டும். மெசினை இடம் மாற்றி வைத்திருக்கிறேன், இப்போது வாசலைப் பார்த்திருந்து தைக்கிறேன். ஆட்கள் பின்னால் வந்து நிற்பது எனக்குப் பிடிப்பதில்லை.

படம் பார்த்தேன். சாரம் கட்டித்தான் பார்த்தேன். தீர்ப்பு: தேத்தண்ணியைச் சூடாகவே குடித்து முடித்துவிட்டேன். கோபிக்க வேண்டாம். அந்த வீடு வடிவு. ரீச்சரின் கண்ணும் நல்ல கண். நீங்கள் சொன்ன கதவுக் கட்டத்தையும் கவனமாகப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லாமல், வெறும் கதவை அவ்வளவு நேரம் காட்டுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். படம் எடுத்தவர் அமைதியை வைத்தே பயப்படுத்தப் பார்த்திருக்கிறார். ஆனால் எனக்குப் பயம் வரவில்லை. அந்தப் பெண் எதற்காக அப்படி நடுங்குகிறாள் என்றும் விளங்கவில்லை. நீங்கள் ஏன் யன்னலடிக்குப் போனீர்கள் என்றும் விளங்கவில்லை. செத்த தையல்காரி என்றதும் என் நினைவு வந்ததோ? நான் இன்னும் சாகவில்லை.

அடுத்த முறை கருவாட்டைத் தனியாகக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
ஜெனிற்றா


கதிரவெளி
23.02.2025

ஜெனிற்றா,

நீ படம் பார்க்கவில்லை. பார்க்க விருப்பமில்லையென்றால் இல்லையென்று எழுது. பார்த்த மாதிரிப் பாசாங்கு செய்யாதே. முப்பது வருசமாகப் பேய்ப்படத்தில் மட்டும் நாம் ஒருவருக்கொருவர் பொய் சொன்னதில்லை.

அந்தக் கதவுக்குப் பின்னால் தையல் மெசின் ஓடுகிறது. பூட்டிய அறைக்குள், செத்தவளின் மெசின். அந்தக் கட்டம் முழுக்க அந்தச் சத்தம்தான். படத்தின் பேயே அதுதான். நீ அமைதி என்கிறாய். உன் மெசினின் அதே சத்தம், ஜெனிற்றா. காலால் மிதிக்க மிதிக்க, ஓரம் திரும்புகிற இடத்தில் கொஞ்சம் இழுத்து, பிறகு வேகம் பிடிக்கும். நான் யன்னலடிக்குப் போனது பயத்தில் இல்லை. வீட்டு நினைவில்.

நான் வீட்டை விட்டு வந்த அன்றைக்கும் அந்தச் சத்தம்தான். வளவு வாசலில், கடப்படியில் மோட்டார்சைக்கிளை வைத்துக்கொண்டு, "ஜெனிற்றா, நான் போறன்" என்றேன். நில்லுங்க என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பையை இறக்கியிருப்பேன். நீ திரும்பியும் பார்க்கவில்லை. மெசின் ஓடிக்கொண்டேயிருந்தது. அதுதான் உன் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

மேர்வின்


தாண்டவன்வெளி
01.03.2025

மேர்வினுக்கு,

நீங்கள் கடப்படியில் நின்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. கழுத்துப்பட்டியை முடித்து, மெசினை நிறுத்தி, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கத் திரும்பினேன். மோட்டார்சைக்கிள் இல்லை. அலுமாரியில் உங்கள் உடுப்பு இல்லை. போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனவர், சொன்னேன் என்று இப்போது கதை கட்ட வேண்டாம்.

புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. இறைச்சியை விடுவேன், பேயை விடமாட்டேன் என்று வருசா வருசம் சொன்னவள் நான்தான். இந்த முறை பேயை விடுகிறேன். இனிப் படம் அனுப்ப வேண்டாம்.

ஜெனிற்றா


கதிரவெளி
16.03.2025

அன்பின் ஜெனிற்றா,

கோபம் வந்தாலும் இதைக் கடைசி மட்டும் வாசி. படம் அனுப்ப வேண்டாம் என்றாய். அனுப்பியிருக்கிறேன். அதே படம்தான்.

போன ஞாயிறு உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஐஸ் பக்டரியில் இருந்தேன். உன் பிழையைக் காட்டி இன்னுமொரு சூடான கடிதம் எழுதவேண்டும் என்று அந்தக் கதவுக் கட்டத்தை லப்டொப்பில் மறுபடி போட்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஐஸ் உருகிவிடும் என்று ஓடிப்போய்ப் பெரிய ஜெனரேட்டரைப் போட்டேன். அது ஓடினால் பக்கத்தில் நின்று கத்துகிறவனின் பேச்சும் கேட்காது. திரும்பி வந்து பார்த்தால் படம் ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் ஒன்றும் எனக்கு வரவில்லை. ரீச்சர் வருகிறாள். லாம்பைத் தூக்குகிறாள். கதவு. கதவு மட்டும். இவள் எதற்காக இப்படி நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டே கையில் இருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டேன்.

கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ எழுதியது எல்லாம் அப்படியே இருந்தது. நீ படம் பார்த்திருக்கிறாய். பார்த்ததைச் சொல்லுக்குச் சொல் உண்மையாக எழுதியிருக்கிறாய். உனக்குக் கேட்கவில்லை.

பிறகு மற்றவை ஒன்றொன்றாக வந்தன. குசினியில் பால் பொங்கி வழிய, அடுத்த அறையில் நீ அசையாமல் இருந்தது. பைப்படியில் நின்று சவர்க்காரம் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஈர உடம்போடு வந்து நான் உன்னை ஏசினது. கோயிலில் நீ பாட்டை விட்டுவிட்டது. போன் எடுக்க வேண்டாம் என்றது. "என்னை ஒரு மனிசனா மதிக்கிறாயில்ல" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நீ ஒவ்வொரு தரமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். திமிர் என்று நினைத்தேன். நீ என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய்.

கடப்படியில் நான் சொன்னது மெய். நீ கேட்கவில்லை என்பதும் மெய். பேய்ப்படத்தில் ஒரு கதவுப் பூட்டின் சத்தத்தை வைத்து ஆரம்பத்திலேயே முடிவைச் சொல்லிப் பெருமை அடிக்கிறவன் நான். கூட இருந்த பெண்சாதிக்குக் காது போவதைப் பிடிக்கத் தெரியவில்லை. நினைக்க நினைக்க எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

இந்த முறை படத்தில் தமிழ் சப்டைட்டில் இருக்கும். நானே செய்தேன். பேச்சை மட்டுமில்லை, சத்தங்களையும் எழுதியிருக்கிறேன். படத்தை நிறுத்தி நிறுத்திச் செய்கிற வேலை. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "உனக்கு விசர் முத்திற்றுது" என்றார். ஓம் என்றேன்.

நான் நினைத்தது பிழையென்றால் பென் டிரைவைத் திருப்பி அனுப்பு. சரியென்றால் தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு பார்.

உன்
மேர்வின்


தாண்டவன்வெளி
30.03.2025

அன்பின் மேர்வினுக்கு,

சரிதான். எனக்குக் காது கேட்பதில்லை.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுப் பென் டிரைவைத் தூக்கி அலுமாரிக்குள் எறிந்தேன். கோபம். கண்டுபிடித்துவிட்டாரே என்ற கோபம். கேதீஸ்வரியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவள்தான் என்னை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனவள். நரம்பு பழுதாகிறதாம், திரும்பி வராதாம். ஒரு காது மெசின் தந்தார்கள். போட்டால் தலைக்குள் தகரம் உரசுகிறது, பேச்சு ஒன்றும் வடிவாகப் பிடிபடாது. மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

முதலில் போன் மணி போனது. பிறகு குருவி, பிறகு பிள்ளைகளின் பேச்சு. உங்கள் குரல் கடைசியில்தான் போனது. அது கொஞ்சம் கொஞ்சமாகப் போவது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என் அம்மாவை ஒழுங்கையில் செவிட்டு மேரி என்றுதான் கூப்பிட்டார்கள், தெரியும்தானே. அது பரவாயில்லை. அப்பா அம்மாவோடு கத்தித்தான் பேசுவார். கத்துகிற முகம் எப்போதும் கோப முகமாகவே இருக்கும். சோறு போடட்டா என்று அவர் அன்பாகக் கேட்பதும் ஏச்சு மாதிரித்தான் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. உங்கள் முகமும் அப்படி மாறிவிடும் என்று பயந்தேன். நான் சொல்லாமலே அது மாறிவிட்டது. நீங்களும் போய்விட்டீர்கள்.

சத்தம் போன பிறகு பேய்ப்படம் எல்லாம் ஆட்கள் கதவைத் திறந்து திறந்து மூடுகிற படமாகிவிட்டது. ஒன்றிலும் பயமில்லை. எனக்கு அது பெரிய கவலை. பயந்து, பக்கத்தில் இருக்கிறவரின் கையைப் பிடித்து, பிறகு சிரிப்பது எவ்வளவு நல்ல விசயம். ஆனாலும் நீங்கள் அனுப்பியதை எல்லாம் பார்த்தேன். உங்களிடமிருந்து வந்துகொண்டிருந்தது அது மட்டும்தான்.

நேற்றுச் சனிக்கிழமை பென் டிரைவைத் தேடி எடுத்தேன். தவக்காலத்தை முறித்துவிட்டேன், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். இப்போது உங்கள் சப்டைட்டிலுக்கு வருவோம்.

எடுத்த எடுப்பில் "பயங்கரமான ஒலி" என்று போட்டிருக்கிறீர்கள். பயங்கரமா இல்லையா என்பதை நான் சொல்கிறேன். என்ன ஒலி? அடுத்தது "மர்ம இசை". அது வயலினா, ஊதுகிறதா, அடிக்கிறதா? "காற்று வீசுகிறது." எந்தக் காற்று, வாடையா சோளகமா? ஒரு இடத்தில், நம் வாவிக்குள் பாடுகிறது என்கிற பாடுமீன் மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். காது நல்லாயிருந்த காலத்திலேயே எனக்கு அந்தப் பாட்டுக் கேட்டதில்லை.

ஆனால் கதவுக் கட்டம். "மெசின் ஓடுது" என்று கீழே வந்தது. கதவைப் பார்த்தேன். கதவு வேறு கதவாகிவிட்டது. ரீச்சர் கையை நீட்டுகிறாள். "மெசின் நிண்டுட்டுது" என்று வந்தது. கோப்பையைத் தூக்கின கை தூக்கினபடியே நின்றது, மேர்வின். உள்ளே இருப்பவள் எழும்பிவிட்டாள் என்று எனக்கு விளங்கியது.

தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆடை கட்டிக் கிடந்தது.

பாவம் பார்த்து ஓடி வந்துவிட வேண்டாம். எனக்கு அது ஏலாது. முதலில் சப்டைட்டிலைத் திருத்துங்கள்.

ஜெனிற்றா


கதிரவெளி
13.04.2025, குருத்தோலை ஞாயிறு

அன்பின் ஜெனிற்றா,

திருத்திவிட்டேன். ஒரு சத்தத்தைப் பலமுறை கேட்டுவிட்டு, இதை நீயும் நானும் முன்பு எங்கே கேட்டோம் என்று யோசித்து எழுதினேன். தாமதத்துக்கு அதுதான் காரணம். பாடுமீனை எடுத்துவிட்டேன். எனக்கும் ஒருநாளும் அது கேட்டதில்லை. கலியாணத்துக்கு முதல் கல்லடிப் பாலத்தடியில் தோணிக்குள் உன்னை வைத்துக்கொண்டு, "கேக்குது, இன்னும் கொஞ்சம் இரு" என்று சொன்னது, நீ கொஞ்சம் கூட நேரம் இருக்க வேண்டும் என்று.

இப்போது நானே கேட்கிறேன். கடல் அடங்கி வள்ளங்கள் போகின்றன, பக்டரியில் நல்ல வேலை. ஆனாலும் சனிக்கிழமைகளில் லீவு எடுக்கலாம். நான் வீட்டுக்கு வரட்டா?

பாவம் பார்த்து இல்லை. தனியப் பேய்ப்படம் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே அண்ணனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பேய் வருமுன் குறட்டை வந்துவிட்டது. அவருடைய கையைப் பிடிக்கவா?

சவரம் எடுக்கிற கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகுகிறேன். கத்தாமல், வாயை மட்டும் வடிவாக அசைத்து. பேசும்போது என் முகம் எப்படியிருக்கும் என்று இவ்வளவு காலம் நான் பார்த்ததேயில்லை. நீ சொன்னது சரி, சும்மா "தேத்தண்ணி தா" என்று சொன்னாலும் சண்டைக்குப் போகிறவன் மாதிரித்தான் இருக்கிறது. மீசையும் மேலுதட்டை மறைக்கிறது. வெட்டிவிட்டேன். அண்ணன் என்னைக் கண்டு ஒரு நிமிசம் பயந்துவிட்டார்.

வேண்டாம் என்று எழுதினாலும் படம் அனுப்புவதை நிறுத்தமாட்டேன், சத்தம் எழுதுவதையும் நிறுத்தமாட்டேன். ஆனால் வா என்று எழுது.

உன்
மேர்வின்


தாண்டவன்வெளி
22.04.2025

என் அன்பின் மேர்வினுக்கு,

ஆண்டவர் உயிர்த்தார், நானும் உயிரோடு இருக்கிறேன். பெருநாள் பூசைக்குக் காது மெசினைப் போட்டுக்கொண்டு போனேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று கொண்டையைத் தூக்கிக் கட்டிக்கொண்டேன். கோயில் மணி கொஞ்சம் கேட்டது. சுவாமியின் பிரசங்கம் கேட்கவில்லை, அதில் நட்டமில்லை.

படத்தைத் திரும்பவும் பார்த்தேன். ரீச்சர் வீட்டுக்குள் வருகிற இடத்தில், "வாடைக்காற்றுக்கு நம்மட குசினித் தகரம் தூக்கித் தூக்கி அடிக்கிற சத்தம்" என்று வந்தது. அப்படியே கேட்டது. கீழ்மாடியில் ஏதோ உருள்கிற இடத்தில், "நீ கோவத்தோட பீங்கான் கழுவுற சத்தம்" என்று போட்டிருக்கிறீர்கள். பேய்ப்படம் பார்ப்பதை மறந்து சிரித்துவிட்டேன். அந்தக் கட்டம் கெட்டது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

கதவுக் கட்டத்தில் "மெசின் ஓடுது" என்பதை மாற்றி, "உன்ட மெசின், நான் பைப்படியில நிண்டு கேக்கிற மாதிரி" என்று எழுதியிருந்தீர்கள். அங்கே படத்தை நிறுத்திவிட்டேன். நான் தைக்கிற சத்தம் வெளியில் நிற்கிறவருக்கு எப்படிக் கேட்கும் என்று காது இருந்த காலத்திலும் எனக்குத் தெரியாது. அதை ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்றும் தெரியாது. அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைத்தது போதும்.

வாருங்கள்.

வந்தால் என் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். இருட்டுக்குள் நின்று பேசக் கூடாது. விளங்காவிட்டால் என்னவென்று திரும்பக் கேட்பேன், திரும்பச் சொல்லவேண்டும். "ஒண்டுமில்ல, விடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எந்தப் பேயையும்விட எனக்கு அந்தச் சொல்தான் பயம். மீசையை வெட்டியதற்கு உங்களை யார் கேட்டது? பரவாயில்லை, பார்க்கலாம்.

வாசலைப் பார்த்து வைத்திருந்த மெசினைக் கேதீஸ்வரியும் நானுமாகப் பிடித்துப் பழையபடி திருப்பிவிட்டோம். நீங்கள் போனதிலிருந்து வாசலுக்கு முதுகு காட்டி இருக்க எனக்குத் துணிவு வரவில்லை. யாராவது பின்னால் வந்து நின்றால் நெஞ்சு பறக்கும். வருகிற சனிக்கிழமை அப்படித்தான் இருந்து தைத்துக்கொண்டிருப்பேன். யன்னலில் உங்கள் சாரம் தொங்கும். இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றி வைப்பேன், ஆறட்டும்.

கடப்படியில் நின்று கூப்பிட வேண்டாம். கதவைத் தட்டவும் வேண்டாம். எனக்குக் கேட்காது. கதவு திறந்துதான் இருக்கும். மெல்ல உள்ளே வந்து, பின்னால் நின்று, தோளில் கை வையுங்கள்.

நான் கத்துவேன். நன்றாகப் பயந்து கன காலமாகிவிட்டது.

உங்கள்
ஜெனிற்றா